காய் பிடித்தும் விதையில்லை: ஒரு டென்ட்ரோபியம் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவார ஊர் ஒன்றில் ஒரு கணவனும் மனைவியும் நிழல்வலைக் கூடம் அமைத்து டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கிறார்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளில் ஏறக்குறைய 2,000 செடிகள். வெட்டுமலர் விற்பனைதான் வருமானம். நான் கல்லூரியில் செல்லியல் கற்பித்தவன். அவர்கள் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் நீக்கி இதை எழுதுகிறேன்.

கன்றுகளைத் திசு வளர்ப்புக் கூடங்களில் விலைக்கு வாங்க வேண்டும். சில ஆண்டுகளில் செடி கிழடாகிப் பூங்கொத்து குட்டையாகும். மறுபடி வாங்க வேண்டும். சொந்தமாக ஒரு ரகம், அதுவும் விதையிலிருந்தே எடுத்துக்கொள்ளக் கூடிய ரகம் கிடைத்தால் இந்தச் செலவிலிருந்து தப்பலாம் என்று 2015-இல் இனக்கலப்பைத் தொடங்கினார்கள். மகரந்தம் வைத்தது முழுக்க மனைவிதான். பல்குத்தும் குச்சியின் நுனியால் பூவின் நடுத்தூண் மேலுள்ள தொப்பியைத் தட்டிவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் மகரந்தத் திரளை எடுத்து, இன்னொரு பூவின் பிசுபிசுப்பான குழிக்குள் வைப்பார். அன்றைக்கே ஒரு 40 பக்க நோட்டில் தாய், தகப்பன், தேதி மூன்றையும் எழுதிவிடுவார். இந்த நிகழ்வில் கடைசியில் விடை கொடுத்ததும் அந்த நோட்டுதான்.

தாய்தந்தைச் செடிகளுக்கு அவர்கள் வைத்த வீட்டுப் பெயர்களையே நானும் பயன்படுத்துகிறேன். ‘ஊதா’ என்பது கூடத்தில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கும் வெட்டுமலர் ரகம். ‘கொம்பன்’ என்பது மான்கொம்பு போல முறுக்கிய இதழும் வட்ட இதழும் கலந்த ஒரு பழைய கலப்பினம். இளஞ்சிவப்புப் பூ, நீளமான கொத்து, வெயிலுக்கு அசையாது. ‘தடியன்’ என்பது நண்பர் ஒருவரின் பழைய சேகரிப்பிலிருந்து வந்த, இலை தடித்த வெள்ளைப் பூச்செடி. இவை போக, வட்ட இதழ் கொண்ட சாதாரணச் செடிகள் சில.

மூன்று ஆண்டு நோட்டு

2018 பிப்ரவரியில் இருவரும் என்னிடம் வந்தபோது நோட்டில் 112 மகரந்தச் சேர்க்கைகள் பதிவாகியிருந்தன. ஊதாவைத் தாயாகவோ தந்தையாகவோ வைத்தவை 71. அவற்றில் 58 காய்கள் இரண்டு மாதத்துக்குள் மஞ்சளித்து உதிர்ந்துவிட்டன. முற்றிய 13-இல் 11 வெறும் பதர். மீதி இரண்டிலிருந்து ஐந்து நோஞ்சான் கன்றுகள். கொம்பனை வைத்துச் செய்தவை 29, முற்றியவை 5, நான்கு பதர், ஒன்றில் மட்டும் கொஞ்சம் முளைப்பு.

வெயில், உரம், தண்ணீரின் உப்பு என்று கணவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் சொன்ன காரணம் வேறு: அந்த அம்மாவுக்குக் கைராசி இல்லையாம். அவர் அதை என்னிடம் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. “நானே வைக்கேன், நானே பறிக்கேன் சார். வீட்ல எல்லாரும் கைராசின்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமாட்டு இருக்கு.”

ஆனால் அதே நோட்டில் இன்னொரு வரிசை இருந்தது. சாதாரண வட்ட இதழ்ச் செடிகளுக்குள் செய்த 12 சேர்க்கைகள். அவற்றில் 9 காய்கள் முற்றி, பாட்டில் கொள்ளாத அளவுக்குக் கன்று வந்திருந்தது. பூ சாதாரணமாக இருந்ததால் அவற்றை வெற்றியாகவே அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு அதுதான் முதல் தடயம். அதே கூடம், அதே வெயில், அதே தண்ணீர், அதே கை. கோளாறு கையில் இருந்திருந்தால் இந்த 9 காயும் நிறைந்திருக்காது.

கொண்டுவந்திருந்த காய் ஒன்றை வெள்ளைத்தாளில் கீறினோம். தூசி போல வெண்மையான பஞ்சுப்பொடி கொட்டியது, மூச்சுக்காற்றிலேயே பறந்தது. நல்ல ஆர்க்கிட் விதையும் பொடிதான் என்றாலும் அதில் லேசான மஞ்சளும் ஒரு கனமும் இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் வலைப்பை போன்ற விதையுறை, நடுவே முட்டை வடிவில் கரு. இதில் வலைப்பைகள் மட்டும்தான், வரிசை வரிசையாக, உள்ளே ஒன்றுமில்லாமல். அந்த அம்மாவையே பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

விதையில்லாத காய் எப்படிப் பருத்தது என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலான பூச்செடிகளில் பூ விரியும்போதே சூல் தயாராக இருக்கும். ஆர்க்கிட்டில் அப்படியல்ல. மகரந்தம் பட்ட பிறகுதான் சூல்கள் வளரத் தொடங்கும். பெண் பக்கத்துக் குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம்கள் பாதியாகும் பகுப்பு, நடப்பதும் அதற்குப் பிறகே. மகரந்தச் சேர்க்கைக்கும் கருவுறுதலுக்கும் நடுவே பல வாரங்கள், சில இனங்களில் மாதங்கள்கூட ஓடிவிடும். அதுவரை காய் பருப்பது மகரந்தம் கிளப்பிவிட்ட ஹார்மோன்களின் வேலை. ஆகவே பச்சையாகப் பருத்த காய் கருவுற்றதற்குச் சான்று ஆகாது. இரண்டு மாதத்துக்குள் உதிர்ந்த அந்த 58 காய்களும், கருவுற வேண்டிய கட்டத்தில் கருவுற எதுவும் இல்லாமல் நின்றுபோனவை.

முதல் சோதனையும் என் பிழையும்

நான் முதலில் செய்தது எளிதான வேலை. ஊதாவின் மகரந்தத் திரளை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் நசுக்கிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு நன்றாகச் சிவந்தது. “மகரந்தம் ஓரளவு உயிரோடுதான் இருக்கிறது, தந்தையாக வைத்து இன்னும் நிறையப் பூக்களில் முயன்று பாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். அவர்களும் 2018 முழுக்க அப்படியே செய்தார்கள். ஒரு கன்றுகூட வரவில்லை.

சாயம் ஏறுவது செல்லுக்குள் சரக்கு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அந்தச் சரக்கில் குரோமோசோம் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதைக் காட்டாது. வகுப்பில் பலமுறை சொல்லிக்கொடுத்த பாடம் இது. நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்திருந்தபோது சோம்பல்பட்டுவிட்டேன். ஒரு பூப்பருவம் அவர்களுக்கு நஷ்டம்.

எண்ணிப் பார்த்தது

2019 தொடக்கத்தில் வேர்நுனிகளை எடுத்தோம். வளர்ந்துகொண்டிருக்கும் பச்சை நுனியாக, முற்பகல் 10 மணிவாக்கில் வெட்டி, 8-ஹைட்ராக்சிகுவினோலினில் குளிரில் ஊறவைத்து, ஆல்கஹால்–அசிட்டிக் அமிலக் கலவையில் நிலைப்படுத்தி, ஓர்சின் சாயத்தில் நசுக்குவது வழக்கமான முறை. டென்ட்ரோபியத்தின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். இருபது செல் பார்த்தால் நம்பி எண்ணக் கூடியது ஐந்து தேறும். செடிக்கு ஐந்து தெளிவான செல்லாவது கிடைக்காமல் எண்ணிக்கையை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சாதாரணச் செடிகளில் 38. டென்ட்ரோபியத்தின் பெரும்பாலான இனங்களுக்கு உரிய எண் இதுதான். 19 இணைகள், இருமடியம். ஊதாவில் 57, அதாவது மும்மடியம். தடியனில் 76, நான்மடியம். கொம்பனில் 38.

ஊதாவின் கதை அந்த எண்ணிலேயே முடிந்தது. 19 வகைக் குரோமோசோம்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. பகுப்பின்போது இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் போகும். எது எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாக முடிவாகிறது. 19 வகையும் ஒத்துப்போய்ச் சரியாக 19 அல்லது சரியாக 38 கொண்ட இனச்செல் (கருவுறுதலில் சேரும் ஆண் அல்லது பெண் செல்) உருவாக வாய்ப்பு 2,62,144-இல் ஒன்று. மற்றவை எல்லாம் இடைப்பட்ட அரைகுறை எண்கள். ஆர்க்கிட் காயில் சூல்கள் இலட்சக்கணக்கில் இருப்பதால்தான் ஒன்றிரண்டாவது தப்பி வருகிறது. மாட்டுக்கோ நெல்லுக்கோ அந்த வசதி கிடையாது. தப்பி வந்த ஐந்து கன்றுகளில் இரண்டை எண்ண முடிந்தது: ஒன்றில் 44, மற்றதில் 47. இலை சுருண்டு, வளர்ச்சி நின்று, ஐந்துமே பூக்காமல் போயின.

மும்மடியச் செடி மோசமான செடி இல்லை. பெரிய பூ, அதிகக் கொத்து, கெட்டியான இதழ். வெட்டுமலருக்கு அது பொன். பெற்றோராக மட்டும் அது உதவாது.

கொம்பன்தான் என்னைக் குழப்பியது. 38 என்ற ஒழுங்கான எண் இருந்தும் ஏன் பதர்? அரிசியைவிடச் சற்றே பெரிய மொட்டுகளை அடுத்தடுத்து வெட்டி, குன்றல் பகுப்பு நடக்கும் நேரத்தைப் பிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் பார்த்தது இது: சில குரோமோசோம்கள் மட்டும் இணை சேர்ந்து நடுவில் நிற்கின்றன, மற்றவை துணையில்லாமல் செல் முழுக்கச் சிதறிக்கிடக்கின்றன. எண்ணிக்கை சரிதான், ஆனால் ஒன்றையொன்று அடையாளம் காணவில்லை. முறுக்கிதழ்ப் பிரிவிலிருந்து 19, வட்ட இதழ்ப் பிரிவிலிருந்து 19. வேர், இலை, பூ வரை இரண்டும் ஒற்றுமையாக வேலை செய்யும். இனச்செல் உருவாக்கும்போதுதான் ஒன்றுக்கொன்று அந்நியம் என்பது வெளியே வருகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஹவாயில் ஹருயுகி கமேமோட்டோவும் அவருடைய பல்கலைக்கழகக் குழுவினரும் டென்ட்ரோபியத்தில் பல்லாண்டு உழைத்துத் தெளிவாக்கிய விஷயம். முறுக்கிதழ் கொண்ட கௌல்டி, வட்ட இதழ் கொண்ட ஃபலனாப்சிஸ் என்ற இரண்டு டென்ட்ரோபியம் இனங்களைக் கலந்த ‘ஜாக்குலின் தாமஸ்’ என்ற கலப்பினம் 1949-இல் பதிவானது. இருமடியமாக இருக்கும்போது அது ஏறக்குறைய மலடு. இரண்டு தொகுதியும் இரட்டித்து 76 ஆனபோது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன் இனத்திலேயே துணை கிடைத்துவிட்டது. காய் நிறைந்தது, விதையிலிருந்து வந்த கன்றுகளும் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. அந்த வழியில் வந்த விதை ரகங்களைத்தான் ‘யூனிவாய்’ என்ற பெயர்வரிசையில் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இப்படி இரண்டு தொகுதிகளும் இரட்டித்த செடிக்கு இரட்டை இருமடியம் என்று பெயர். நம் தடியனும் அப்படிப்பட்டதே என்பது அதன் மொட்டில் தெரிந்தது: பெரும்பாலான செல்களில் 38 ஒழுங்கான இணைகள்.

எடுத்த முடிவுகள்

2019 ஜூலையில் மூவரும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். ஊதாவைக் கலப்புக்குப் பயன்படுத்துவதை அன்றோடு நிறுத்தினோம். பூ விற்பனைக்கு அது அப்படியே இருக்கட்டும். எண்ணாத செடியில் இனி மகரந்தம் வைப்பதில்லை. தடியனைத் தற்சேர்க்கை செய்து நேராக விதை எடுக்கலாம்தான், ஆனால் அதன் பூ எண்ணிக்கை குறைவு. சந்தை கேட்பது கொம்பனின் நிறமும் கொத்தும். ஆகவே கொம்பனின் 38-ஐ 76 ஆக்கிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

இரட்டிக்கப் பயன்படும் கோல்ச்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நஞ்சு. கண்வலிக்கிழங்கு என்று திண்டுக்கல், திருப்பூர் பக்கத்து விவசாயிகள் விதைக்காகப் பயிரிடுவது அதைத்தான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். மனிதச் செல்லுக்கும் அதே கதிதான் என்பதால் ஆய்வகத்துக்கு வெளியே அதை எடுத்துப்போக நான் சம்மதிக்கவில்லை.

கோல்ச்சிசின் வழி

கொம்பனின் குருத்திலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த 120 பச்சை மொட்டுத் திரள்களை 0.05 சதவீதக் கரைசலில் வைத்தோம். 83 கருகிவிட்டன. பிழைத்த 37-இல் 6-இன் இலைத்துளைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இரட்டித்ததற்கான முதல் அறிகுறி அது. அந்த ஆறில் வேர்நுனி முழுக்க 76 காட்டியவை இரண்டு. மற்ற நான்கில் 38-உம் 76-உம் கலந்திருந்தன.

அந்த இரண்டையும் உடனே கொண்டாடிவிடக் கூடாது. இலைத்துளை சொல்வது மேல்தோல் அடுக்கின் கணக்கை. வேர் புறப்படுவது உள்ளடுக்குகளிலிருந்து. மகரந்தமும் சூலும் வருவது நடுவிலுள்ள இரண்டாம் அடுக்கிலிருந்து. மேல் அடுக்கும் உள் அடுக்கும் இரட்டித்து நடு அடுக்கு மட்டும் பழையபடி இருந்தால், பார்வைக்கு நான்மடியமான செடி மறுபடியும் பதரையே தரும். இரண்டில் ஒன்றுக்கு அதுதான் நேர்ந்தது என்று 2022-இல் பூத்தபோது தெரிந்தது. இன்னொன்று இன்றுவரை பூக்கவில்லை.

பதினோரு கன்றுகள்

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2020 ஜனவரியில், அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “கொம்பன்ல ஒரு காய் முளைச்சுதுல்லா சார், தண்ணித் தொட்டிக்குப் பின்னால வெச்சிருக்கேன். அதையும் ஒருதடவ எண்ணிப் பாக்கியளா?”

நோட்டில் அந்த வரி இருந்தது: 2017, தாய் கொம்பன், தகப்பன் தடியன், 11 முளை. 2018-இலேயே நான் அதைப் படித்திருந்தேன். ஒரு காய்க்கு 11 என்பது தோல்வி என்று எண்ணித் தாண்டிப் போயிருந்தேன். எந்தக் காய்களில் விதை வரவில்லை என்பதையே தேடிக்கொண்டிருந்த எனக்கு, வந்த விதை எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

எண்ணினோம். ஒன்று தொட்டி மாற்றும்போதே செத்திருந்தது. மீதிப் பத்தில் எட்டு 76. இரண்டில் 74-க்கும் 77-க்கும் நடுவே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கொம்பனின் மகரந்தத்தை மறுபடி நசுக்கிப் பார்த்தேன். வழக்கமாக நான்கு நான்காக இருக்க வேண்டிய மகரந்தச் செல்கள் சில இடங்களில் இரண்டு இரண்டாக இருந்தன, நூற்றில் ஐந்தாறு. துணை கிடைக்காத குரோமோசோம்கள் பிரியாமல் 38-உம் ஒரே உட்கருவுக்குள் தங்கியதன் அடையாளம் அது. பெண் பக்கத்திலும் அப்படியே நடந்திருக்க வேண்டும். பாதியாகாத அந்த 38, தடியனின் ஒழுங்கான 38-உடன் சேர்ந்து 76 ஆகியிருக்கிறது. விதை இவ்வளவு குறைவாக இருந்ததற்கும், வந்தவை பெரும்பாலும் ஒரே எண்ணாக இருந்ததற்கும் காரணம் ஒன்றே: பாதியாகாத சூல்கள் மட்டும்தான் தேறின. 37 செடிகளைப் பிழைக்கவைத்து நாங்கள் தேடிக்கொண்டிருந்தது, 2017-லேயே அவர் கையால் நடந்து முடிந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. இதை அவரிடம் சொன்ன நாள், என் ஆசிரிய வாழ்க்கையில் மிக நிறைவான நாட்களில் ஒன்று.

தொடர்ந்து நடந்தது

2021 செப்டம்பரில் முதல் கொத்து விரிந்தது. எட்டுச் செடிகளும் அக்காதங்கை போல இருந்தன. கொம்பனின் தொகுதி சிதறாமல் முழுசாக வந்ததால் நிறமும் கொத்தின் நீளமும் பெரிதாக மாறவில்லை. இதழ் மட்டும் கெட்டிப்பட்டிருந்தது. வளர்ச்சியில் மந்தம் உண்டு. சாதாரணக் கன்றைவிட ஓராண்டு தாமதமாகவே பூத்தன.

நல்லதாக ஒன்றைத் தேர்ந்து தற்சேர்க்கை செய்தார்கள். ஆறு பூ, ஐந்து காய், ஐந்தும் முற்றின. 2022 தொடக்கத்தில் முதல் காயைக் கீறியபோது பொடி மஞ்சளாகக் கொட்டியது, பறக்கவில்லை. நுண்ணோக்கியில் பத்தில் ஏழெட்டு வலைப்பைகளில் கரு இருந்தது. அந்த விதையிலிருந்து எடுத்த கன்றுகளில் முதல் தொகுதி 2025-இல் பூத்தது. எல்லாம் ஒரே அச்சு என்று சொல்ல மாட்டேன்; இளஞ்சிவப்பின் அடர்த்தியில் வேறுபாடு இருக்கிறது. ஒரே கட்டாகக் கட்டி விற்கும் அளவுக்கு ஒற்றுமை இருப்பதாக வாங்குபவர்கள் சொல்கிறார்கள். ஊதாவை அவர்கள் கைவிடவில்லை. கன்று வாங்குவது பாதியாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை.

இனி மாற்றிச் செய்வது

நோட்டு வந்த அன்றே வேர்நுனி எடுத்திருக்க வேண்டும். நான்கு செடிக்கு எண்ண ஒரு மாதம் போதும். சாயத்தை நம்பி ஓராண்டைத் தொலைத்தேன். எண் சரியாக இருந்தாலும் அதோடு நிற்காமல் மொட்டில் இணை சேர்வதையும் பார்த்தாக வேண்டும். கொம்பன் அதற்குச் சாட்சி. எதிர்பாராமல் வந்த ஒன்றிரண்டு கன்றுகளை முதலில் எண்ண வேண்டும், கடைசியில் அல்ல. கோல்ச்சிசினை இன்னொரு முறை தொடுவதாக இருந்தால், பாதியாகாத இனச்செல் இயல்பாகவே கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே தொடுவேன். பழைய வளர்ப்பாளர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் தெரியாமலே வாய்த்திருக்கிறது: இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிம்பிடியம் ஆர்க்கிட் ‘அலெக்சாண்டரி வெஸ்டன்பர்ட்’ நான்மடியம் என்று தெரியும் முன்பே, நல்ல பிள்ளைகளைத் தருகிறது என்பதற்காகத் தலைமுறைகளாகப் பெற்றோராகப் பயன்பட்டது.

அந்த அம்மாவின் இரண்டாவது நோட்டில் தாய், தகப்பன், தேதி என்ற மூன்று பத்திகளுக்கு முன்னால் இப்போது நான்காவது ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பு ‘எண்’. அது நிரம்பாத வரிசையில் அவர் குச்சியை எடுப்பதில்லை.